சான்றுப் பட்டியல்: ஆசிரியருக்கு நீதி, வாசகருக்கு வழி

(சென்னை, பெசன்ட் நகரில் ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் நூலகர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



அறிவியல் ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் சான்றுகளை எப்படிக் காட்டுவது, பட்டியலை எப்படி அமைப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது மிகச் சிறிய பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஆய்வகங்களில் இது கடைசி நாள் வேலை. கட்டுரை முடிந்து, படங்கள் சேர்ந்து, நெறியாளர் ஒப்புதல் தந்த பிறகு ஓர் இரவு உட்கார்ந்து ‘ரெஃபரன்ஸ் போட்டு’ முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே, ஆண்டுக்கு அடைப்புக்குறி உண்டா என்ற கேள்விகளிலேயே அந்த இரவு கழிகிறது.

நான் இன்று நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. சான்றுக் குறிப்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு கடமைகள் உண்டு. உழைத்தவர் இன்னார் என்று பிழையில்லாமல் சொல்வது ஒன்று. முன்பின் அறியாத வாசகர் அந்த மூலத்தைத் தானே சென்றடைய வழிசெய்வது மற்றொன்று. காற்புள்ளியும் சாய்வெழுத்தும் இதழுக்கு இதழ் மாறும். விவரம் எந்த இதழிலும் மாறாது. ஆகவே ஆய்வாளரின் முதற்பொறுப்பு விவரத்துக்கே. வடிவம் அதற்குப் பின்னால் வர வேண்டும். இதை ஆறு கூறுகளாக வகுத்துச் சொல்கிறேன்.

1. இது நமக்குப் புதிய ஒழுக்கம் அன்று

சான்று காட்டுவது மேலைநாட்டு இதழ்கள் நம்மேல் சுமத்திய சடங்கு என்ற எண்ணம் நம் மாணவர் சிலரிடம் இருக்கிறது. இந்தப் பெசன்ட் நகரிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் நிறுவப்பட்ட நூலகம் இன்று இங்கேதான் இயங்குகிறது. சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று அவர் பதிப்புகள் வந்தன. அவற்றின் முகவுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகள் எந்த ஊரில், யாரிடமிருந்து கிடைத்தன என்று அவர் பதிவு செய்தார்.

ஏன் செய்தார்? ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும். ஒரு பாடத்தைப் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டால், அது எந்த ஏட்டின் மேல் நிற்கிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஏடு தந்தவருக்கு நன்றியும் போய்ச் சேர வேண்டும். நான் முதலில் சொன்ன இரண்டு கடமைகளும் அந்த முகவுரைகளிலேயே நிறைவேறியிருக்கின்றன. இன்றைய இயற்பியல் கட்டுரையின் இறுதியில் இருக்கும் பட்டியல் செய்வதும் இதையேதான்.

2. முறைகள் இரண்டு, விவரம் ஒன்று

இன்றைய அறிவியல் இதழ்களின் வழக்கங்கள் எத்தனையோ இருந்தாலும் அவற்றைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடக்கிவிடலாம்.

முதலாவது, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் உரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் தரும் முறை. ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஒருவகை ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சி பற்றி 1881-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதைக் கையாண்டார். ஹார்வர்டு முறை என்ற பெயர் அங்கிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. இரண்டாவது, உரையில் எண் மட்டும் இட்டு, தோன்றும் வரிசையில் பட்டியலை இறுதியில் தரும் முறை. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஒரே கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பினால், அடுத்த இதழுக்காகப் பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிய நிலை அன்று இருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கவே அவர்கள் பொது விதிகளை வகுத்து 1979-இல் வெளியிட்டார்கள். வான்கூவர் முறை என்று நாம் இன்று சொல்வது அதுதான்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. பெயரும் ஆண்டும் கண்முன் இருந்தால், துறை அறிந்த வாசகர் பட்டியலைப் புரட்டாமலே எந்த ஆய்வு என்று அறிந்துகொள்வார். கருத்து எந்தக் காலத்தது என்பதும் தெரியும். வகைப்பாட்டியல், சூழலியல் போன்ற துறைகளில் இது மிகவும் உதவும். ஒரு வாக்கியத்துக்கு நான்கைந்து சான்றுகள் தேவைப்படும் மருத்துவக் கட்டுரையில் பெயர்களை அடுக்கினால் வாக்கியமே மறைந்துவிடும். அங்கே எண்ணே நல்லது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே எண்களைக் கையால் இடாதீர்கள். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் பின்னால் வரும் எல்லா எண்களும் இடம்மாறும். பத்தாம் எண் சான்று சொல்லாததைச் சொன்னதாகக் கட்டுரை அச்சேறும்.

இரண்டு முறைகளிலும் பட்டியலுக்குத் தேவையான விவரம் ஒன்றே: ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம். இவை சரியாக இருந்தால் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது கணினிக்குச் சில நொடி வேலை. இவற்றில் ஒன்று பிழையானால் எந்த வடிவமும் அதைத் திருத்தாது.

3. பெயர்: நமக்கே உரிய சிக்கல்

மேலை வழக்கம் குடும்பப் பெயரை முன்னிறுத்தி எழுந்தது. நம் வழக்கத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், இட்ட பெயர் பின்னால் வரும். இதழின் இணையப் படிவம் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும்போது நம் மாணவர் தம் பெயரை முதல் கட்டத்திலும் தந்தையின் ஓரெழுத்தை இரண்டாம் கட்டத்திலும் இடுகிறார். பட்டியலில் அந்த ஓரெழுத்தே அவருடைய குடும்பப் பெயராகிவிடுகிறது. அவருடைய சொந்தப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்குகிறது. அடுத்த கட்டுரையில் மாற்றி எழுதுகிறார். மேற்கோள் கணக்கெடுக்கும் தரவுத்தளத்தில் அவர் இருவராகிறார்.

இன்னொரு பக்கம், ஒரே பெயரில் பலர் சேர்ந்துகொள்வது. ‘சந்திரசேகர் எஸ்’ என்று ஒரு பட்டியலில் இருந்தால் அது யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்று, வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறையைக் கணக்கிட்டு 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகராக இருக்கலாம். பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்து, சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் 1977-இல் ‘பிரமாணா’ இதழில் வெளியிட்ட சிவராமகிருஷ்ண சந்திரசேகராகவும் இருக்கலாம். இந்த இருவருமே சி. வி. ராமனின் நெருங்கிய உறவினர்கள். முன்னவர் நோபல் பெற்ற அதே 1983-இல் பின்னவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மக்கள்தொகை அறிஞரும் ஒன்றியச் சுகாதார அமைச்சராக இருந்தவருமான ஸ்ரீபதி சந்திரசேகரும் முதலெழுத்து முறையில் அதே ‘சந்திரசேகர் எஸ்’தான்.

மக்கள்தொகையையும் விண்மீனையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். முதல் இருவரும் இயற்பியலாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961-இல் பாய்மங்களின் நிலைப்பாடு பற்றிப் பெருநூல் எழுதினார்; சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1977-இல் திரவப் படிகம் பற்றி நூல் எழுதினார். திரவப் படிகத்தில் வெப்பத்தால் எழும் சுழல் ஓட்டங்களை ஆராய்பவர் இருவர் நூலையும் ஒரே பட்டியலில் வைக்க நேரும். அங்கே இருவரையும் பிரித்துக் காட்டுபவை ஆண்டும் தலைப்பும் மட்டுமே.

இதை முன்பே உணர்ந்தவர் சென்னையிலேயே இருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதிகளில் ஆசிரியரின் முதன்மைப் பெயரை முன்னால் நிறுத்தி, மற்றப் பெயர்களைச் சுருக்காமல் விரித்து அடைப்புக்குறிக்குள் எழுதச் செய்தார். அவருடைய பெயரே அந்த முறையில் ‘ரங்கநாதன் (சீயாழி ராமாமிருத)’ என்றாகும். எது குடும்பப் பெயர் என்று தேடுவதை விட்டு, எந்தச் சொல்லால் ஒருவர் அறியப்படுகிறாரோ அதை முதலில் வைப்பது. எஞ்சியதை விரிவாகத் தருவது. நம் பெயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே உங்கள் பெயரின் ஒரே வடிவத்தை முடிவு செய்யுங்கள். தந்தை அல்லது தாய் பெயரை முழுமையாக விரித்து இறுதிப்பெயர்க் கட்டத்தில் இடுவதா, உங்கள் பெயரையே அங்கு இடுவதா என்று தீர்மானித்து, வாழ்நாள் முழுவதும் அதையே எழுதுங்கள். அடுத்து, 2012 முதல் இலவசமாக வழங்கப்படும் ஓர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணைப் பெற்று எல்லாக் கட்டுரைகளிலும் தாருங்கள். பெயர் எத்தனை விதமாகச் சுருங்கினாலும் எண் உங்களை அடையாளம் காட்டும்.

4. ‘முதலியோர்’ என்ற சொல்லில் மறைபவர்கள்

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தை உயிர்வேதியியல் படித்த யாரும் அறிவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த ஆய்வு 1963-இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழின் 7-ஆம் தொகுதியில் 95-ஆம் பக்கம் தொடங்கி வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். ஆசிரியர்–ஆண்டு முறையில் மூன்று பேர் என்றாலே பல இதழ்கள் உரைக்குள் ‘ராமச்சந்திரன் முதலியோர், 1963’ என்று சுருக்கச் சொல்கின்றன. அதற்கு முன் 1954-இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தபோது உடன் எழுதியவர் கோபிநாத் கர்த்தா. அந்த ஆய்வுக்குக் கொலாஜன் மாதிரி கிடைத்தது இங்கே அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து.

உரைக்குள் சுருக்குவதை நான் குறை சொல்லவில்லை. அது வாசிப்புக்குத் தேவை. பட்டியலில் இதழ் எத்தனை பெயர்களை அனுமதிக்கிறதோ அத்தனையையும் தர வேண்டும் என்பதே என் வாதம். வான்கூவர் முறை ஆறு ஆசிரியர் வரை எல்லாப் பெயரையும் கேட்கிறது. சோம்பலால் முதல் ஆசிரியரின் பெயரோடு நிறுத்தினால், ஆய்வுக்கூடத்தில் நாள்முழுக்க நின்ற இளையவர் ஒருவரின் பெயரை அழித்தவர்களாகிறோம்.

5. ஓர் எழுத்தின் விலை

எஸ். பஞ்சரத்தினம் ராமன் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியவர். 1956-இல், தம் 22-ஆம் வயதில், முனைவுற்ற ஒளிக்கற்றைகளின் குறுக்கீடு பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் ‘புரொசீடிங்ஸ்’ இதழில் வந்தது. ஒளியின் முனைவு நிலை ஒரு சுற்று மாறித் தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது, வடிவியலால் மட்டுமே தீர்மானமாகும் ஒரு கட்ட வேறுபாடு மிஞ்சும் என்று அதில் காட்டினார். 1984-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் இத்தகைய வடிவியல் கட்டத்தைப் பொதுவாக நிறுவி உலகப் புகழ் பெற்றார். பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரை இதற்கு முன்னோடி என்று 1986-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக்காட்டினார்கள். பெர்ரியே 1987-இல் தனிக் கட்டுரை எழுதி அதைப் போற்றினார். 1969-இல் 35 வயதிலேயே மறைந்துவிட்ட பஞ்சரத்தினம் இதை அறியவில்லை.

ஒரு சான்று சரியான இடத்தில் சரியாகக் காட்டப்பட்டதால், 30 ஆண்டு பழைய உழைப்புக்கு உரிய பெயர் கிடைத்தது. இன்று ‘பஞ்சரத்தினம் கட்டம்’ என்று உலகமே சொல்கிறது.

அந்தக் கட்டுரையைத் தேடிப் போகிறவருக்கு என்னென்ன தேவை என்று பாருங்கள். இதழின் பெயர், 44-ஆம் தொகுதி, 247-ஆம் பக்கம், 1956. இது போதாது. அந்த இதழ் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ‘ஏ’ பிரிவு, உயிரியலுக்கு ‘பி’ பிரிவு என்று இரண்டாக வந்தது. இரண்டுக்கும் தனித்தனியே 44-ஆம் தொகுதி உண்டு. ‘ஏ’ என்ற ஓரெழுத்தை விட்டுவிட்டால் ஒளியியல் தேடியவர் தாவரவியல் பக்கத்தில் போய் நிற்பார். நம் பெசன்ட் நகரில் அவென்யூவுக்கும் எண் உண்டு, மெயின் ரோட்டுக்கும் எண் உண்டு, குறுக்குத் தெருவுக்கும் எண் உண்டு; எண்ணை மட்டும் எழுதி அனுப்பிய கடிதம் எந்த வீட்டுக்குப் போகும்? பிரிவெழுத்தும் அப்படித்தான்.

இன்னும் உண்டு. அதே 44-ஆம் தொகுதியிலேயே 398-ஆம் பக்கத்தில் அந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி எல்லாம் ஒன்றே. தலைப்பின் முதற்பாதியும் ஒன்றே. ஆசிரியர்–ஆண்டு முறையில் 1956அ, 1956ஆ என்று பிரிக்காவிட்டால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. தலைப்பைத் தேவையில்லை என்று விடச் சொல்லும் இதழ்கள் சில உண்டு. இதழ் கேட்காவிட்டாலும் உங்கள் சொந்தக் கோப்பில் முழுத் தலைப்பையும், பகுதி எண்ணையும், முதற்பக்கம் இறுதிப்பக்கம் இரண்டையும் எழுதி வையுங்கள். இதழ்ப் பெயரின் சுருக்கத்தையும் நாமாகப் படைக்கக் கூடாது. அதற்குப் பன்னாட்டுத் தர விதி இருக்கிறது. கோப்பில் முழுப்பெயர் இருந்தால் சுருக்கத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

6. படித்ததையே காட்டுதல்

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சுமார் 4300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். 196 மேற்கோள்களில் தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றில் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண் பிழை 78 முறை திரும்பத் திரும்ப வந்தது. 78 பேரும் தனித்தனியே அதே பிழையைச் செய்திருக்க முடியாது. மற்றவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். சான்று காட்டுபவர்களில் சுமார் 20 சதவீதத்தினரே மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

கருவிகள் இந்தப் பழக்கத்தை மாற்றவில்லை, வேகப்படுத்தின. 1985-இல் வந்த பிப்டெக்கும் 2006-இல் வந்த ஜோடெரோவும் ஆய்வாளரின் பெருஞ்சுமையை இறக்கி வைத்த அருமையான கருவிகள்; இரண்டும் இலவசம். விவரத்தை ஒருமுறை சரியாகக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான இதழ்களின் வடிவத்தில் அவை பட்டியலை அமைத்துத் தரும். 2000 முதல் பரவிய டி.ஓ.ஐ. எண், இணைய முகவரி மாறினாலும் கட்டுரையைக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் இணையத்திலிருந்து கருவி இழுத்துவரும் விவரத்தில் பெயர் தலைகீழாக இருக்கலாம், பிரிவெழுத்து விடுபட்டிருக்கலாம். கட்டுரையின் முதற்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிடும் வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு ஆபத்து வேறு அளவுக்குப் போயிருக்கிறது. உண்மையான இதழ்ப் பெயர், நம்பத்தக்க தலைப்பு, ஒழுங்கான தொகுதி எண் எல்லாம் சேர்த்து, இல்லாத கட்டுரையை அவை பிழையற்ற வடிவத்தில் எழுதித் தருகின்றன. 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில், அப்படி உருவான இல்லாத தீர்ப்புகளைச் சான்றாகத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வடிவம் சரியாக இருப்பது உண்மைக்கு அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அவையோரே, இந்த ஆறு கூறுகளிலிருந்து நான் கேட்பவை சில.

மாணவர்களே, சான்றுப் பட்டியலைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள். ஒரு கட்டுரையைப் படிக்கும் அன்றே அதன் முழு விவரத்தையும், நீங்கள் எடுத்துக்கொண்ட கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கோப்பில் பதியுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு சான்றின் மூலத்தையும் திறந்து, நீங்கள் சொன்னதை அது உண்மையில் சொல்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டுரை இடையில் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். திறக்க முடியாத சான்றை, மனம் எவ்வளவு விரும்பினாலும், நீக்குங்கள்.

நெறியாளர்களே, மாணவரின் முடிவுரையைப் படிக்கும் அதே கவனத்தோடு பட்டியலில் நான்கைந்து சான்றுகளையாவது நீங்களே தேடிப் பாருங்கள். நெறியாளர் பார்ப்பார் என்று தெரிந்தால் மாணவரும் பார்ப்பார்.

தமிழில் ஆய்விதழ் நடத்துவோரே, உங்களிடம் கேட்பதே மிகுதி. நம் இதழ்களில் பதிப்பாண்டு இல்லாமல், பக்கம் இல்லாமல், ‘மேலது’ என்று மட்டும் முடியும் குறிப்புகள் இன்னும் வருகின்றன. தமிழ்ப் பெயர்களை முழுமையாக விரித்து, அறியப்படும் பெயரை முன்னிறுத்தி, பதிப்பையும் ஆண்டையும் பக்கத்தையும் தவறாமல் கேட்கும் ஒரு பொது விதியை நீங்கள் சேர்ந்து வகுக்க வேண்டும். ரங்கநாதன் அதற்கு அடித்தளம் இட்டு 90 ஆண்டுகளாகிவிட்டன. வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1931-இல் விதி வகுத்தவரும் அவரே. அந்தக் கடமை எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. பெயர் தெரியாத ஒரு வாசகர் என்றோ ஒருநாள் நம் சொல்லைச் சோதிக்க வருவார் என்று நம்பி அவருக்காக எழுதும் பட்டியல்தான் அறிவியலை நம்பத்தக்கதாக வைத்திருக்கிறது. அதை அப்படியே மதித்து எழுதுங்கள்.